காயற ரூமு

கோபம் எனக்கு மூக்கு மேல் வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்த அன்று அம்மா வாழ்த்தவில்லை. போகிற இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா கிட என்றுதான் சொன்னாள். சும்மா கிடக்கத்தான் நினைத்தேன். விருத்தாசலத்திலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் மட்டும் வந்துபோகும் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ஒன்பதரை மணி வரைக்கும் சும்மாவும் இருந்தேன்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து எனக்கு. இருபத்து மூன்று பிள்ளைகள் வராந்தாவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சாரல் அடிக்கிற பக்கம் இருந்தவர்கள் நோட்டைச் சட்டைக்குள் சொருகி வைத்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் புதுசு போல இருக்கிற பெரிய வகுப்பறை, நல்ல கான்கிரீட் கூரை, நாலு ஜன்னல். அதில் பூட்டு தொங்கியது. சாவி எங்கே என்று ஹெச்.எம்.மிடம் கேட்டேன். "அது காயற ரூமு டீச்சர். மழை முடியட்டும், தொறந்துடலாம்" என்றார். ஏதோ பெயின்ட் காயவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெஞ்சு மேல், மேசை மேல், செங்கல் அடுக்கி அதன் மேல் என்று எங்கே பார்த்தாலும் பலகைகள். பலகை நிறையப் பொம்மைகள். அச்சிலிருந்து எடுத்து இன்னும் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகள், சாம்பல் நிறத்தில், ஈரமாக. யானை, குதிரை, கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கிற ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டிகள் எல்லாம் கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தன. என் பிள்ளைகள் வெளியே நனைந்துகொண்டிருந்தார்கள். பார்த்த எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஹெச்.எம். நிதானமாக விளக்கினார். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் இந்த ஊரில் மண் காயாது, செராமிக் கம்பெனிச் சரக்கு ஈரத்தோடு சூளைக்குள் போனால் வெடித்துவிடும், அதனால் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் அந்த ரூமை விட்டுக்கொடுப்பது இங்கே வழக்கம். கம்பெனி முதலாளிதான் பள்ளிக்கூடத்துக்கு மோட்டார் போட்டுக் கொடுத்தவர், சுதந்திர தினத்துக்கு மிட்டாய் வாங்கித் தருகிறவர். "ஊரோட ஒத்து வாழணும் டீச்சர்" என்று முடித்தார். மிட்டாய்க்கு வகுப்பறையா சார் என்று கேட்டேன். அவர் காதில் விழாத மாதிரி வருகைப் பதிவைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த ஊரிலேயே ஒரு மளிகைக்கடைக்குப் பின்னால் ரூம் எடுத்துத் தங்கினேன். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் மார்கழி என்றால் கோலமும் கோயில் பொங்கலும்தான். குளிர் என்பதைப் பேச்சுக்குச் சொல்வோம். இங்கே கார்த்திகை பிறந்ததுமே மணிமுத்தாற்றுப் பக்கமிருந்து பனி ஏறி வந்து, எட்டு மணி வரைக்கும் எதிர் வீடு தெரியாது. சீட்டுக் கூரையில் பனி கோத்து என் பாய் மேல் சொட்டும். தண்ணீர் சுட வைக்கிற கம்பியைப் போட்டால் கரண்ட் போகும், பச்சைத் தண்ணீரில் குளித்தால் பல் கிடுகிடுக்கும். துவைத்த புடவை மூன்று நாளாகும் காய, காய்ந்ததும் அதன் மேல் கம்பெனி மண் வெள்ளையாகப் படிந்திருக்கும். தோசை மாவு புளிக்கவே புளிக்காது. மாவுப் பாத்திரத்தை என் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன், சொன்னால் சிரிப்பார்கள்.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஊர் ஜனங்கள் கேட்ட கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை. கடையில், குழாயடியில், பஸ்ஸில், யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, எப்ப டீச்சர் மாத்தல் வாங்கப் போறீங்க என்பதுதான். எனக்கு முன்னால் வந்த டீச்சர் யாரும் அங்கே இரண்டு மழையைப் பார்க்கவில்லையாம். அதனால் யாரும் நெருங்கிப் பேச மாட்டார்கள். விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வந்து ஒன்றரை மாசம் ஆன பிறகும் நான் புது டீச்சர்தான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். பத்து வயசு, எலும்பும் தோலுமாக இருப்பாள், கணக்கில் புலி. நான் கணக்கைப் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு இழுப்பாள். மூச்சுதான். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம். வாடைக்காற்று அடிக்கிற நாளில் பேசவே மாட்டாள், விரலை மடக்கி விடையைக் காட்டுவாள். அவளைச் சுவர் ஓரமாக உட்கார வைத்து என் சால்வையைப் போர்த்திவிடுவேன். போர்த்தும்போதெல்லாம் என் கண் அந்தப் பூட்டுக்குத்தான் போகும். ஒரு பொம்மைக்குக் கிடைக்கிற கதகதப்பு ஒரு பிள்ளைக்கு இல்லையே என்று வயிறு எரியும்.

மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். ஹெச்.எம். மூன்றையும் வாங்கி மேசை டிராயருக்குள் வைத்தார். அதிகாரிகள் கேட்கிற வகுப்பறை போட்டோவுக்குக் கோடையில் எடுத்து வைத்த படத்தை அனுப்பினார். பெஞ்சு நிறையப் பிள்ளைகள், ஃபேன் ஓடுகிறது, அழகான படம். பக்கத்தில் அவருடைய ரூமில் அவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் நாலரைக்குப் பொம்பளைகள் நாலைந்து பேர் வந்து அவரிடம் சாவி வாங்கி, பலகைகளைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். சில நாள் கம்பெனி டெம்போ வந்து காய்ந்ததை ஏற்றிப் போகும். அந்தப் பொம்பளைகளில் ஒருத்தி அந்தப் பிள்ளையின் அம்மா. தன் பிள்ளை உட்காரவேண்டிய இடத்தில் முதலாளியின் யானையைத் துடைத்து வைக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோ வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். அவள் அம்மாவும் நானும் அவளை மடியில் போட்டுக்கொண்டு விருத்தாசலம் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்கில் மருந்துப் புகை வைத்தார்கள், மூச்சு திரும்பியது. ஒரு நாள் இருக்கட்டும் என்றார்கள். அந்த அம்மாவிடம் வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் சண்டையாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஹெச்.எம்.முக்குப் பயிற்சி, கடலூர் போயிருந்தார். அவர் டிராயரிலிருந்து சாவியை எடுத்தேன். நாட்கணக்கில் இல்லாத நல்ல வெயில் அன்றைக்கு, ஒன்பது மணிக்கே சுள்ளென்று அடித்தது. பொம்மைகளை நாசம் பண்ண வேண்டும் என்று எனக்கு எண்ணமே இல்லை. வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் காயும், ஒரே நாளில் முதலாளி அள்ளிக்கொண்டு போகட்டும் என்றுதான் நினைத்தேன். பெரிய பிள்ளைகளைக் கூப்பிட்டு, பலகைகளைத் தூக்கி மைதானத்தில் வைக்கச் சொன்னேன்.

பிள்ளைகள் நகரவில்லை. வெயில்ல வெக்கக் கூடாது டீச்சர் என்று ஒருத்தி முனகினாள். முதலாளிக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்து, நான் பார்த்துக்கொள்கிறேன், தூக்கு என்று அதட்டினேன். பாவம், டீச்சர் சொன்னால் செய்யத்தானே வேண்டும், தூக்கினார்கள். பத்து மணிக்கு ரூம் காலி. பெஞ்சைத் துடைத்து, இருபத்து இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து, போர்டில் பெரிய எழுத்தில் தேதி எழுதினேன். அந்த ஊருக்கு வந்து முதல் முறையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகள் ஒருத்தரும் போர்டைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக வெளியேதான் பார்த்தார்கள்.

மத்தியானம் மணி அடித்ததும் வெளியே வந்தேன். முதல் பலகையில் யானையின் காது விழுந்துகிடந்தது. ஆட்டுக்குட்டிகளின் கழுத்தைச் சுற்றி மயிரிழை போலக் கோடு. குதிரைகள் முன்னங்கால் மடங்கிச் சாய்ந்திருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன், இரண்டாகப் பிட்டுக்கொண்டது. பச்சை மண்ணை நிழலில், காற்றுப் படாமல், மெள்ள மெள்ளக் காய வைக்க வேண்டும். ஒரு பக்கம் வெயில் பட்டால் வெளியே சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், பிளந்துவிடும். அந்த ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. பயிற்சிக்கு மேல் பயிற்சி முடித்த எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்குப் பொம்பளைகள் வந்துவிட்டார்கள். கத்துவார்கள், ஏசுவார்கள், ஏசட்டும், நானும் நாலு கேள்வி கேட்கிறேன் என்று புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றேன். யாரும் ஏசவில்லை. பலகை பலகையாகக் குனிந்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், தோளில் பையோடு. அவளிடம்தான் நான் கேட்டேன், முதலாளி சரக்குக்காக உங்கள் பிள்ளையைக் குளிரில் போடலாமா என்று.

"இது மொதலாளி சரக்கு இல்ல டீச்சர். எங்க சரக்கு" என்றாள். "அச்சு வாங்கியாந்து வூட்டுல நாங்க ஊத்துறது. காஞ்சு, வெடிக்காம குடுத்தாத்தான் அவரு எடுத்துக்குவாரு. முன்னல்லாம் வூட்டுக்குள்ளதான் காய வெப்போம். கதவைச் சாத்திக்கினு, ராவெல்லாம் மரத்தூள் அடுப்பு போட்டு. அந்தப் பொகையிலதான் புள்ளைக்கி நெஞ்சு கெட்டுப் போச்சி. பொகை ஆவாதுன்னு டாக்டரு சொன்னாரு. அதுக்குத்தான் சார் கால்ல வுழுந்து இந்த ரூமைக் கேட்டு வாங்கினோம்."

தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள். அப்புறம், "இப்ப மறுபடி வூட்டுலதான் வெக்கணும்" என்று சொல்லிவிட்டு, உடைந்ததைக் கூடையில் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என்னைச் சொல்லித்தான் சொல்லி வைத்தார்களோ என்னவோ. எவளை ஒரு தாயா என்று நினைத்தேனோ அவள் தன் பிள்ளையின் மூச்சுக்காக ஹெச்.எம். காலில் விழுந்திருக்கிறாள். அவர்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். ஒன்றரை மாசம் மனு எழுதின நான், அந்தப் பொம்பளைகளிடம் ஒரு நாள் போய், என்னம்மா இது என்று கேட்கவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. அவர்களோடு குனிந்து பொறுக்கப் போனேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, இடமும் விடவில்லை.

மறுநாள் காலையில் கம்பெனிக்கே போனேன். முதலாளி மரியாதையானவர், நாற்காலி போடச் சொல்லி டீ வரவழைத்தார். அவர் சூளைக்கு ஒட்டினாற்போல் நீளமாக ஒரு கட்டடம் இருந்தது. சுவரில் கை வைத்தால் இளஞ்சூடு. உள்ளே பாதி காலியாகக் கிடந்தது. பொம்பளைகள் பலகையை இங்கே வைத்துக்கொள்ளட்டுமே என்று கேட்டேன். அது கம்பெனிக்குள் செய்கிற சரக்குக்கு, ஒருத்தருக்கு விட்டால் ஊரே வந்து நிற்கும் என்றார். வரட்டுமே, ஊரே உங்களுக்குத்தானே செய்கிறது என்றேன். அவர் சிரித்தார். "டீச்சரம்மா, நீங்க இங்க வந்து எத்தினி மாசம் ஆவுது?" என்று கேட்டார். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ரூம் இப்போது எனக்கு. பயிற்சியிலிருந்து திரும்பிய ஹெச்.எம். என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருப்பதைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பினார். நடந்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்று நாள் அந்தக் கதகதப்பான ரூமில் பாடம் நடத்தினேன். அந்தப் பிள்ளை மட்டும் வரவில்லை. யாருக்காகச் சாவியை எடுத்தேனோ அவளுக்கு அந்த ரூமில் இடம் இருந்தது, அவள் இல்லை.

நாலாம் நாள் பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். பகலிலேயே கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் திறந்தார்கள், புகை முகத்தில் வந்து அடித்தது. ஒரே அறை. நடுவில் தூள் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. சுவரைச் சுற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பலகைகளில் புதுப் பொம்மைகள். அதற்குக் கீழே பிள்ளை சுவரில் சாய்ந்து, படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், பேசவில்லை. நான் சாவியை அவள் அம்மாவிடம் நீட்டினேன். திரும்பக் கொண்டுவந்து வையுங்கள், தப்பு என்னுடையது என்றேன்.

அந்த அம்மா சாவியைத் தொடவில்லை. "அடுத்த மழைக்கி நீங்க இருப்பீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

இருப்பேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாறுதல் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி என் செல்போனில் வைத்திருந்தது எனக்குத்தானே தெரியும். எனக்கு முன்னால் வந்த ஒவ்வொருத்தியும் இருப்பேன் என்றுதான் சொல்லியிருப்பாள். "தெரியலம்மா. இந்த மழைக்கு இருப்பேன்" என்றேன்.  அவள் சாவியை வாங்காமலே கதவைச் சாத்தினாள்.

மறுநாள் ஹெச்.எம். ரூமுக்குள் போய் உட்கார்ந்தேன். பெரிய ரூம் பலகைக்குப் போகிறது, என் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார மாட்டார்கள், உங்கள் ரூமில் உட்காருவார்கள் என்றேன். அது எப்படிம்மா, ஆபீஸ் ரூமு என்றார். கோடையில் எடுத்த படத்தை மழைக்காலத்தில் அனுப்பியதைப் பற்றி நாலாவது மனு எழுதப்போகிறேன், அதை உங்கள் டிராயரில் போட மாட்டேன், நேரே கடலூர் கல்வி ஆபீசுக்குத்தான் என்றேன். குரங்குக் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பதினொரு மணிக்கு அவர் மேசையும் பீரோவும் வராந்தாவுக்கு வந்துவிட்டன. நெருக்கியடித்துக்கொண்டு, முட்டி இடிக்க, என் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் இந்த யோசனை ஒருத்தருக்கும் வரவில்லையா என்று கேட்காதீர்கள். வந்திருக்கும். ஹெச்.எம்.மைக் குளிரில் உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, பிள்ளைகளைச் சொல்ல வந்திருக்கிறது.

ஹெச்.எம். மேசை வெளியே வந்ததைக் கேள்விப்பட்டு அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளையின் அம்மா வந்தாள். ஒரே ஒரு பலகை. அதில் ஆறு ஆட்டுக்குட்டிகள். மற்றப் பொம்பளைகள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறக்கக்கூடாது, ஃபேன் போடக்கூடாது, ஈரச்சாக்கை மூன்று நாள் மேலே போட்டு வைக்கவேண்டும், அப்புறம் காலையும் மாலையும் பக்கம் மாற்றவேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். காலையில் திருப்புவது என் வேலை என்று நானே வாங்கிக்கொண்டேன். பனியில் ஆறரை மணிக்குப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு ஆட்டுக்குட்டிகளையும் திருப்புவேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. எட்டாம் நாள் அந்த அம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் கோடு இல்லை.  மறுநாள் நாலு பலகை கொண்டுவந்தாள், அதற்கடுத்த நாள் மற்றவர்களும் கொண்டுவந்தார்கள்.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஹெச்.எம். ரூமில் சுவர் ஓரமாக அவளுக்கு இடம் வைத்திருந்தோம். நான் போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் விசில் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே எழுதினேன். கொஞ்சம் வந்தது, முன்னைக்குப் பாதிதான். விடையை விரலில் காட்டாமல் வாயாலேயே சொன்னாள். நான் திரும்பியதும், இன்னொன்றும் சொன்னாள்.

"மூணு நாளா எங்க வூட்ல அடுப்பு போடல டீச்சர். படுத்துக்கினே தூங்கினேன்."

எல்லாரும் எனக்கு அழுகை வந்திருக்கும் என்று நினைப்பார்கள். வரவில்லை. சூடான சுவரோடு பாதி காலியாகக் கிடக்கிற அந்தக் கட்டடத்தை நினைத்து, என்னை நினைத்து, கோபம்தான் வந்தது. பத்து வயசுப் பிள்ளை, படுத்துத் தூங்கியதை டீச்சரிடம் வந்து சந்தோஷமாகச் சொல்கிறாள்.